புகாரை ‘லுக் ஆஃப்டர்’ செய்ய வேண்டாம்

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். இரண்டு வருடமாகப் புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷன் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். போன மாதம் ஒரு வெளிநாட்டு விருந்தினர், அறையில் ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது என்று மெயிலில் புகார் அனுப்பினார். ‘தி மேனேஜர் வில் லுக் ஆஃப்டர் யுவர் கம்ப்ளெயின்ட்’ என்று பதில் போட்டேன். ‘தயவுசெய்து அதை வளர்க்க வேண்டாம், ஒழித்துவிட்டால் போதும்’ என்று சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. மேனேஜர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கடைசியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு சீ யூ’ என்று நான் எழுதியிருந்ததும் தப்பு என்கிறார். ஏன் தப்பு என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில், ‘லுக் ஆஃப்டர்’ மாதிரி ஃப்ரேஸல் வெர்ப்கள் உள்ள புத்தகம் ஒன்று வாங்கி நாற்பது வரைக்கும் மனப்பாடம் செய்தேன். ஒரு வாரத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

இன்னொன்று. அதே விருந்தினர் கிளம்பும்போது ஒரு சீட்டில் ‘டூ லுக் மீ அப் இஃப் யூ ஆர் எவர் இன் லீட்ஸ்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். லீட்ஸ் இங்கிலாந்தில் ஓர் ஊராம். என் புத்தகத்தில் ‘லுக் அப்’ என்றால் அகராதியில் தேடுவது என்று இருக்கிறது. அவரை நான் ஏன் அகராதியில் தேட வேண்டும்?

பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்:

எல்லோர் எதிரிலும் படித்துக் காட்டியது வலித்திருக்கும். விடுங்கள். இதே ‘லுக்’ என்னையும் ஒருமுறை காலை வாரிவிட்டிருக்கிறது. இருபத்து மூன்று வயதில் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நேர்காணல் போயிருந்தேன். அதுவும் ஆங்கில ஆசிரியை வேலைக்கு. வாழ்க்கையில் யாரை மிகவும் மதிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ‘ஐ ஆல்வேஸ் லுக் அப் மை ஃபாதர்’ என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். எதிரே இருந்த மூன்று பேரில் வயதானவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘எந்த டிக்‌ஷனரியில்?’ என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற இருவரும் சிரித்ததால் நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து புரட்டிய பிறகுதான் ஒரு ‘டு’ விட்டுப்போனது தெரிந்தது. ‘லுக் அப் டு’ என்றால் ஒருவரை அண்ணாந்து பார்ப்பது, அதாவது மதிப்பது. ‘டு’ இல்லாத ‘லுக் அப்’ வேறு கதை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன், உங்கள் லீட்ஸ் சீட்டும் அங்கேதான் இருக்கிறது.

இது நம்முடைய மரமண்டை பற்றிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1755-இல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றிவிடும் வழக்கம் ஆங்கிலத்தில்தான் அதிகம், அயல்மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய சிரமம் இதனால்தான் வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

விதி இருக்கிறதா என்றால், எல்லாவற்றையும் கட்டிப்போடும் ஒரே விதி இல்லை. ஆனால் தாறுமாறாகவும் இல்லை. நீங்கள் மனப்பாடம் செய்ததில்தான் கோளாறு. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் காலைநேர பஸ்ஸில் ஒருமுறை ஏறிக்கொள்கிறேன்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ‘பாத்து ஏறும்மா’ என்கிறார். உட்கார இடம் கிடைத்த அம்மா ஒருவர், ‘இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கோ, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன்’ என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இறங்குகிறார். பின்சீட்டில் இரண்டு பேர்: ‘பையனுக்குப் பொண்ணு பாக்கறோம்.’ ‘பையன் எங்க வேலை பாக்கறான்?’ ‘சிப்காட்ல.’ ‘ஜாதகம் பாத்தாச்சா?’ ‘எல்லாம் பாத்துக்கலாம், விடுங்க.’ டிரைவர் வரக் காணோம், எல்லோரும் அவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் அரியாங்குப்பம் வருவதற்குள் ‘பார்’ என்ற ஒரே சொல் ஏழெட்டு வேலை செய்துவிடுகிறது. இதில் கண்ணால் பார்ப்பது என்று சொல்லத்தக்கது ஒன்றோ இரண்டோதான். பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அம்மா, அதை வெறித்துப் பார்க்கச் சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? தமிழ் கற்க வரும் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பார், பார்த்துக்கொள், பார்த்துவிடு, செய்து பார், எதிர்பார் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். அவரும் உங்களைப்போல ஒரு வாரத்தில் குழம்பித்தான் கடிதம் எழுதுவார்.

நாம் ‘பார்’ என்பதற்குப் பின்னால் ‘கொள்’, ‘விடு’ என்று துணைவினையைச் சேர்க்கிறோம். சில சமயம் முன்னால் ‘எதிர்’ வைக்கிறோம். பொருளின் பெயரில் ஐ, கு என்று வேற்றுமை உருபை ஏற்றுகிறோம். ஆங்கிலத்தில் இந்த வேலைகளில் பாதியை அட், ஃபார், ஆஃப்டர், இன்டு, அப் என்ற பொடிப்பொடிச் சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே ‘லுக்’ என்றால் பார்ப்பது, அதோடு ஒரு ப்ரெபோசிஷன் என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். ‘பார்த்துக்கொள்’ நமக்கு எப்படி ஒரே சொல்லோ, ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் அப்படி ஒரே சொல்.

சரி, உங்கள் ரிசப்ஷன் மேசைக்கு வருவோம். அங்கே உங்களுக்கு அன்றாடம் வேண்டியது நான்குதான். அட், ஃபார், ஆஃப்டர், இன்டு.

‘லுக் அட்’ என்றால் கண்ணை ஒன்றின் மேல் திருப்புவது. ‘லுக் அட் தி மேப்’, இந்த வரைபடத்தைப் பாருங்கள். இதில் யாரும் பொருளைத் தவறவிடுவதில்லை, ‘அட்’-ஐத்தான் தவறவிடுகிறார்கள். ‘லுக் தி மேப்’ என்று சொல்லிவிடுகிறார்கள். காரணம் காதில் இருக்கிறது. ‘லுக் அட் இட்’ என்பதை அவர்கள் மூன்று சொல்லாக உச்சரிப்பதில்லை, ‘லுக்கடிட்’ என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். மெய்யின் மேல் உயிர் வந்து ஏறும் என்று புணர்ச்சி இலக்கணத்தில் படித்தோமே, அதே சங்கதி. ‘அட்’ காதில் விழாததால் வாயிலும் வருவதில்லை.

‘லுக் ஃபார்’ என்றால் தேடுவது. தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டால் ‘ஃபைண்ட்’. பின்சீட்டுக்காரர் பையனுக்குப் பெண் பார்ப்பது ‘லுக்கிங் ஃபார்’. ஒரு வீட்டுக்குப் போய்க் கேசரி சாப்பிட்டுக்கொண்டே பெண்ணை நிமிர்ந்து பார்ப்பது ‘லுக்கிங் அட்’. தமிழில் இரண்டுக்கும் ‘பொண்ணு பாக்கறது’தான். அதனால்தான் இந்த இடத்தில் தடுமாற்றம் வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, உங்கள் வேலைக்கு ரொம்பவும் தேவையானது. தேடுவதற்கு ‘சர்ச்’ என்று ஒரு சொல் கைவசம் இருக்கிறது என்பதால் பலர் அதை எடுத்து வீசுகிறார்கள். விருந்தினர் பையைக் காணோம் என்று பதறி வந்து நிற்கிறார். ‘டோன்ட் வொரி, வீ வில் சர்ச் யுவர் பேக்’ என்று நீங்கள் ஆறுதல் சொல்கிறீர்கள். அவர் முகம் மாறிவிடும். ஏனென்றால் அதற்கு அர்த்தம், உங்கள் பையைச் சோதனை போடுவோம் என்பது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி செய்வது. ‘சர்ச்’ என்பதற்குப் பின்னால் நேராக வருவது தேடும் இடம். தேடும் பொருள் வரவேண்டுமானால் நடுவில் ‘ஃபார்’ வேண்டும். ‘வீ வில் லுக் ஃபார் இட்’ என்று முடித்துக்கொள்வது உத்தமம். அடுத்து, பை எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டுமே. நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘ஹவ் டஸ் இட் லுக் லைக்’ என்பார்கள். நம்முடைய ‘எப்படி’ செய்யும் வேலை அது. ஆங்கிலத்தில் ‘லைக்’ வந்தால் ‘வாட்’தான் வரும்: ‘வாட் டஸ் இட் லுக் லைக்?’ ‘ஹவ்’ வேண்டும் என்றால் ‘லைக்’கை விட்டுவிட வேண்டும். புதுச் சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ‘ஹவ் டஸ் இட் லுக்?’ என்று கேட்கலாம்.

புதுச்சேரியில் பாடம் நடத்துவதால் எனக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளும் என்னிடம் வருவார்கள், தமிழ் மீடியம் பிள்ளைகளும் வருவார்கள். இரண்டு பேரும் ‘ஐ ஆம் லுக்கிங் மை பேக்’ என்று அச்சடித்ததுபோல ஒரே தப்பைச் செய்வார்கள். பிரெஞ்சில் தேடுவதற்கு ‘ஷெர்ஷே’, பார்ப்பதற்கு ‘ரெகார்தே’. இரண்டுக்குமே நடுவில் ப்ரெபோசிஷன் கிடையாது, பை நேராக வந்து ஒட்டிக்கொள்ளும். தமிழிலும் பையைத் தேடுகிறேன், ஒரு ‘ஐ’ போதும். ஆக, இந்த விஷயத்தில் தமிழும் பிரெஞ்சும் ஒரு கட்சி, ஆங்கிலம் எதிர்க்கட்சி.

ஆங்கிலத்தின் சின்னச் சொல் எவ்வளவு கனமானது என்பது உங்கள் ஊருக்குத் தெரியாததா? 1690-இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரத்துக்கு ‘உள்ளே’ இருக்கும் நிலமும் சேர்த்துத்தான் பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். ‘விதின்’ என்ற ஒரு ப்ரெபோசிஷனுக்குள் எத்தனை கிராமம் அகப்பட்டது பாருங்கள். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது.

இப்போது உங்கள் புகார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரிப்பது, பேணுவது, குறை வராமல் கவனித்துக்கொள்வது. ‘ஆஃப்டர்’ என்றால் பின்னால். நடை பழகும் குழந்தை தத்தித் தத்திப் போக, அம்மாவின் கண் அதன் பின்னாலேயே போகிறதே, அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை, வயதான மாமியார், ஊருக்குப் போனவர் வீட்டு ரோஜாச்செடி, பஸ்ஸில் அந்த அம்மாவின் பை, இவையெல்லாம் ‘லுக் ஆஃப்டர்’. நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பவை. புகாரைக் கொண்டுபோய் இந்த வரிசையில் நிறுத்தினால் அதற்கும் வேளாவேளைக்குச் சோறு ஊட்டுவோம் என்று ஆகிவிடும். உங்கள் விருந்தினர் அடித்த நகைச்சுவை அதுதான்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ‘டேக் கேர் ஆஃப்’ என்று ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். அது குழந்தைக்கும் வரும், பிரச்சினைக்கும் வரும். ‘வீ வில் டேக் கேர் ஆஃப் இட்’ என்றால் நாங்கள் சரிசெய்துவிடுகிறோம் என்று அர்த்தம். புகாருக்குத் தாராளமாக எழுதலாம். ‘லுக் ஆஃப்டர்’ அதன் உடன்பிறப்புதானே என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். தமிழிலும் ‘உங்க கம்ப்ளெயின்ட்ட மேனேஜர் பாத்துக்குவார்’ என்பது சுத்தமான வாக்கியம். அதை அப்படியே எடுத்து வைத்தீர்கள். உங்கள் மேனேஜர் சிரித்ததற்குப் பதில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அப்புறம், ஒரு துறைக்குப் பொறுப்பு என்ற அர்த்தத்திலும் ‘லுக் ஆஃப்டர்’ உண்டு. ‘ஷீ லுக்ஸ் ஆஃப்டர் பில்லிங்’, பில்லிங்கை அவர் பார்த்துக்கொள்கிறார். அது சரிதான்.

புகாருக்கு வேண்டியது ‘லுக் இன்டு’. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஒன்றின் உள்ளே பார்ப்பது, என்ன ஏது என்று விசாரிப்பது. ‘வீ வில் லுக் இன்டு இட்.’ ஆனால் இதில் ஒரு நெருடல். நம் அரசு அலுவலகப் பதில்களில் ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வரி வருமே, அதைப் படித்ததும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும் இல்லையா? ‘வீ வில் லுக் இன்டு இட்’ என்பதற்கும் அந்தக் கதி வந்துவிட்டது. தனியாக விட்டால் தட்டிக்கழிப்பதாகவே படும். கூடவே ஒரு நேரத்தைச் சொல்லிவிடுங்கள்: ‘வீ ஆர் லுக்கிங் இன்டு இட் நவ். தி மெக்கானிக் வில் பீ இன் யுவர் ரூம் பை ஃபோர்.’ நான்கு மணிக்குள் மெக்கானிக் வருவார் என்ற இரண்டாவது வாக்கியம்தான் முதல் வாக்கியத்துக்கு உயிர். மெக்கானிக் உண்மையிலேயே வருவாரா என்பதை உறுதி செய்துகொண்டு எழுதுங்கள், அது ஆங்கிலத்தின் பொறுப்பு இல்லை.

ஆக, புகாரை ‘லுக் இன்டு’, தொலைந்த பையை ‘லுக் ஃபார்’, விருந்தினரை ‘லுக் ஆஃப்டர்’. மேசை ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தப்பு, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு சீ யூ’. இது உங்களுடையது மட்டும் இல்லை, பெரிய பெரிய கம்பெனி மெயில்களிலேயே தினமும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு இருக்கிறது. ‘ஐ வான்ட் டு சீ யூ’ என்பதில் வரும் ‘டு’, பின்னால் வரும் வினைச்சொல்லுக்குச் சொந்தம்: பார்க்க, போக, சாப்பிட என்று நாம் சொல்லும் ‘க்க’, ‘க’, ‘ட’ மாதிரி. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் வருவது சரியான ப்ரெபோசிஷன், நம் ‘கு’ மாதிரி. ‘கு’வுக்கு முன்னால் பெயர்ச்சொல் வேண்டும். ‘பார்க்க’ என்பதோடு ‘கு’ ஒட்டுமா? ஒட்டாது, ‘பார்ப்பதற்கு’ என்று பெயராக மாற்றினால்தான் ஒட்டும். ஆங்கிலத்திலும் அப்படியே, ‘சீ’ என்பது ‘சீயிங்’ ஆக வேண்டும்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ.’

எந்த ‘டு’ என்று சந்தேகம் வந்தால் வினைச்சொல்லை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு தி வெடிங்’ ஒத்துவருகிறது. ஆகவே அங்கே ‘இங்’. ‘ஐ வான்ட் டு தி வெடிங்’ ஒத்துவரவில்லை. ஆகவே அங்கே ‘இங்’ கிடையாது. இந்த ஒரு சோதனை ‘ஐ ஆம் யூஸ்டு டு’ என்பதற்கும் உதவும்: ‘ஐ ஆம் யூஸ்டு டு தி நாய்ஸ்’, ‘ஐ ஆம் யூஸ்டு டு வெயிட்டிங்’. இன்னொரு நுணுக்கம். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ என்பது கொஞ்சம் கச்சிதமான அலுவலக நடை. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ பழகியவரிடம் பேசும் நடை. முதல் தடவை தங்க வருகிறவருக்கு முதலாவது, இரண்டாம் தடவை வருகிறவருக்கு இரண்டாவது.

பொருளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ‘எதிர்பார்’ நல்லது கெட்டது இரண்டுக்கும் வரும். ‘லுக் ஃபார்வர்ட் டு’ ஆசையோடு காத்திருப்பதற்கு மட்டும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் நம் கரையை உடைத்துக்கொண்டு போனதே, அடுத்த வருடம் என் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், முந்தின நாளே புயலை எதிர்பார்த்தோம் என்பதற்கு ‘வீ வேர் லுக்கிங் ஃபார்வர்ட் டு தி சைக்ளோன்’ என்று எழுதியிருந்தான். அவர்கள் வீட்டுப் பலா மரங்கள் அத்தனையும் சாய்ந்திருந்தன. சிவப்பு மையால் சுழிக்க எனக்குக் கை வரவில்லை, பக்கத்தில் பென்சிலால் ‘எக்ஸ்பெக்டிங்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘லுக் டவுன் ஆன்’, ஒருவரை இளக்காரமாகப் பார்ப்பது. ‘லுக் அவுட்!’, ‘பாத்து!’ என்று கத்துவது. ‘லுக் த்ரூ’, பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது. ‘லுக் ஓவர்’, பில்லையோ ஒப்பந்தத்தையோ மேலிருந்து கீழ்வரை ஒருமுறை சரிபார்ப்பது. இதைத் திருப்பிப் போட்டு ‘ஓவர்லுக்’ என்று ஒட்டிவிட்டால் நேர் எதிராகிவிடும், கவனிக்காமல் விட்டுவிடுவது. அதே ‘ஓவர்லுக்’ அறைக்கு வந்தால் மறுபடி நல்ல சொல்: ‘தி ரூம் ஓவர்லுக்ஸ் தி சீ’, கடலைப் பார்த்த அறை. தெற்குப் பார்த்த வாசல் என்று நாம் சொல்கிறோமே, வீட்டுக்கும் கண் வைத்து. இரண்டு மொழியும் ஒன்றுபோல யோசித்த இடம் இது; எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான்.

நீங்கள் மனப்பாடம் செய்ததில் கோளாறு என்றேன். புத்தகத்தில் இடது பக்கம் ‘லுக் ஆஃப்டர்’, வலது பக்கம் ‘கவனி’. இடது பக்கம் ‘லுக் இன்டு’, வலது பக்கம் ‘கவனி, ஆராய்’ என்று போட்டிருப்பார்கள். எதை, யாரை என்று இருக்காது. அந்த ‘எதை’தான் சாவி. அதனால் புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்று. ‘லுக் ஆஃப்டர்’ என்று தலைப்புப் போட்டு, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் உண்மையிலேயே பார்த்துக்கொள்கிற நாலு பேரை, நாலு பொருளை முழு வாக்கியமாக எழுதுங்கள். மாமியாரோ, ஸ்கூட்டியோ, தம்பி பிள்ளையோ. பொய் வாக்கியம் எழுதினால் நிற்காது. வாரத்துக்கு ஒன்று போதும். எழுதியதை வாய்விட்டு நாலு முறை சொல்லுங்கள், பஸ்ஸில் வெட்கமாக இருந்தால் மொட்டை மாடியில். ‘லுக்’ முடிந்ததும் ‘கெட்’டுக்குப் போகலாம், அது இதைவிடப் பெரிய காடு. அவசரம் வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா வினைச்சொல்லுக்கும் ஒரு வால் ஒட்டிவிடவும் கூடாது. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுகிறவர்கள் நம்மில் ஏராளம். அதைப் பற்றிப் பேசினோம் என்பதில் உள்ள ‘பற்றி’ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘டிஸ்கஸ்’ என்பதற்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது, தனியாக வேண்டாம்.

கடைசியாக லீட்ஸ் சீட்டு. ‘லுக் அப்’ என்பதில் ‘அப்’ மற்றவற்றைப்போல இல்லை. அட், ஃபார், ஆஃப்டர், இன்டு நான்கும் அவரை, அதை என்ற சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும்: ‘லுக் ஆஃப்டர் ஹிம்’, ‘லுக் ஃபார் இட்’. ‘அப்’ இடம் மாறும். ‘லுக் அப் தி வேர்ட்’ என்றும் சொல்லலாம், ‘லுக் தி வேர்ட் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் அவரை, அதை, என்னை என்று வந்துவிட்டால் அது நடுவில் புகுந்தே ஆக வேண்டும்: ‘லுக் இட் அப்’, ‘லுக் மீ அப்’. ‘லுக் அப் இட்’ என்பது கிடையாது. பேசும்போது கேட்டுப் பாருங்கள், ‘அட்’, ‘ஃபார்’ இரண்டையும் விழுங்கிவிடுவார்கள், ‘அப்’ மட்டும் அழுத்தமாக வந்து விழும்.

பொருள், சொல்லை அகராதியில் தேடுவது. முன்பெல்லாம் டெலிபோன் டைரக்டரியில் ஒருவருடைய நம்பரையும் தேடுவோம் அல்லவா? நம்பரைத் தேடி எடுத்து, வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ப் பார்ப்பது வரை அந்தச் சொல் நீண்டுவிட்டது. ‘இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வராமப் போயிடாதீங்க’ என்று நாம் சொல்வதுதான் ‘டூ லுக் மீ அப்’. லீட்ஸ் பக்கம் வந்தால் என்னை வந்து பாருங்கள் என்று அழைத்திருக்கிறார். தொடக்கத்தில் வரும் ‘டூ’ கட்டாயம் வர வேண்டும் என்ற உபசாரத்துக்கு. புகாரைச் சொல்லிச் சிரித்த அதே மனுஷர்தான் இதையும் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு வரி பதில் போடுங்கள். ‘தேங்க் யூ, ஐ வில். அண்ட் வீ லுக் ஃபார்வர்ட் டு லுக்கிங் ஆஃப்டர் யூ அகெய்ன் இன் பாண்டிச்சேரி.’ அனுப்புவதற்கு முன்னால் உங்கள் மேனேஜரிடம் காட்டி, இதில் தப்பு இருக்கிறதா சார் என்று கேளுங்கள்.